கதவைத் திறந்தவர் யார்?

(அபிராமபுரம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. நேரில் கேட்க இயலாத தோழர்களுக்காக எழுத்து வடிவில்.)

தோழரே!

"கணினிக்குக் காவல்" என்று தலைப்பைக் கண்டதும், "இது பொறியியல் வல்லுநர் பேச வேண்டிய பொருளாயிற்றே, நாடகம் எழுதுகிறவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். பட்டத்தைத் தொடாமல் பாதியிலே திரும்பியவன். ஆயினும் ஒன்று கேட்கிறேன். திருடன் வீட்டுக்குள் நுழையுமுன், "ஐயா, தாங்கள் பூட்டுச் செய்யும் கலையைக் கற்றவரா?" என்று விசாரித்துவிட்டா நுழைகிறான்? பூட்டைச் செய்பவன் ஒருவன். அந்தப் பூட்டை நம்பிக் கண்ணுறங்குபவர் ஓராயிரம் பேர். அந்த ஓராயிரவரின் சார்பிலே பேசுகிறேன். மற்றொன்றும் உண்டு. இந்நாளைய கணினிக் களவிலே கருவி பாதி, வேடம் பாதி. வேடத்தைப் பற்றிப் பேச நாடகக்காரனுக்கு உரிமை இல்லையென்று எவரே கூறுவர்?

அபிராமபுரத்துத் தெருக்களிலே நடந்து பாருங்கள். ஆளுயரத்துக்கு மேலே மதில். மதிலுக்கு ஓர் இரும்பு வாயில். வாயிலுக்கு ஒரு காவலாளி. காவலாளிக்கும் மேலே இமை கொட்டாத காமிராக் கண். பொட்டலம் கொண்டுவரும் இளைஞனும் குறிப்பேட்டிலே பெயரெழுதிவிட்டுத்தான் படியேற வேண்டும். இத்தனை காவலுக்கும் உள்ளே, மகனைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு, ஓய்வூதியத்தைத் துணையாகக் கொண்டு வாழும் முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி மணி அடிக்கிறது. திரையிலே ஒரு காக்கிச் சட்டை. பின்னாலே காவல் நிலையம் போன்றதொரு காட்சி, நாடகக் கொட்டகையிலே நாங்கள் தொங்கவிடும் படுதாவைப் போல! "உம்மைக் கைது செய்திருக்கிறோம், திரையை விட்டு நகரக்கூடாது, வங்கியில் உள்ள பணத்தைச் சோதனைக்காக இந்தக் கணக்குக்கு அனுப்பும்" என்கிறது அந்த உருவம். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று அதற்கொரு பெயர். அப்படியொரு கைது நம் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று நாட்டின் பிரதமரே வானொலியில் வந்து, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சொல்ல நேர்ந்தது என்றால், கொள்ளை எந்த அளவுக்குப் பெருகியிருந்தது என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

மதில் இடியவில்லை. வாயில் உடையவில்லை. காவலாளி உறங்கவில்லை. பணம் மட்டும் போயிற்று! அப்படியானால், கதவைத் திறந்தவர் யார்?

இந்தக் கேள்வியைத்தான், தோழரே, வீட்டிலிருந்து வங்கிக்கும், வங்கியிலிருந்து அணுமின் நிலையத்துக்கும் எடுத்துச் செல்லப்போகிறேன். உடன் வாருங்கள்.

வள்ளுவர் பொருட்பாலிலே 'அரண்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். குறளிலே அது 75ஆவது. அதனோடு நின்றாரில்லை. 89ஆவதாக 'உட்பகை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். வெளியே நிற்கும் பகைக்கு மதில் போதும்; உள்ளே அமர்ந்திருக்கும் பகைக்கு மதில் என்ன செய்யும்? ஆகவேதான் அரண் அதிகாரத்தின் இறுதிக் குறளிலேயே, எத்துணை மாண்புடைய கோட்டையாயினும், உள்ளிருப்போர் செயலிலே மாண்பு இல்லையெனில் அது இருந்தும் இல்லாததே என்று முடித்தார். ஈராயிரம் ஆண்டுகட்குப் பின்னால், கணினி வல்லுநர்கள் 'உள் அச்சுறுத்தல்', 'வெளி அச்சுறுத்தல்' என்று இரண்டு தலைப்பிட்டுப் பேசுவது இதைத்தான்.

இரண்டுக்கும் எடுத்துக்காட்டுத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. 2018 பிப்ரவரித் திங்களில், சில நாள் இடைவெளியிலே, இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று கும்பகோணத்திலிருந்து, மற்றொன்று மும்பையிலிருந்து.

முதலில் கும்பகோணம். 1904இல் அந்தக் காவிரிக்கரை நகரிலே தோன்றியது சிட்டி யூனியன் வங்கி. ஒரு நாட்டு வங்கி மற்றொரு நாட்டு வங்கிக்குப் பணம் அனுப்பச் சொல்லும் ஆணைகள் 'ஸ்விஃப்ட்' என்னும் செய்தி வலையமைப்பின் வழியே போகின்றன. பணம் நேரில் போவதில்லை, தோழரே, ஆணைதான் போகிறது. ஆணையை நம்பி அங்கே பணம் கொடுக்கிறார்கள். 2018 பிப்ரவரி 7 அன்று கணக்கைச் சரிபார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று ஆணைகள், வங்கியின் பெயரிலேயே போயிருக்கக் கண்டனர். நியூயார்க் வழியாகத் துபாய்க்கு 5 லட்சம் டாலர். பிராங்க்பர்ட் வழியாகத் துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. நியூயார்க் வழியாகச் சீனத்துக்கு 10 லட்சம் டாலர். துபாய்க்குப் போன தொகை தடுக்கப்பட்டுத் திரும்பியது. ஏனையவை எல்லை கடந்துவிட்டன.

அனுப்பிய ஆணைக்கெல்லாம் ஒப்புகைச் சீட்டு ஒன்று வங்கியின் பிரிண்டரிலே அச்சாகி விழுந்திருக்க வேண்டுமே, ஏன் விழவில்லை? களவாடிகள் அந்தப் பிரிண்டரையே செயலிழக்கச் செய்துவிட்டார்கள்! வீட்டிலே கொள்ளையடிக்க வருபவன் முதலில் நாயின் வாயைக் கட்டுவான் அல்லவா? அதுபோல.

இந்த உத்தி புதிதன்று. இரண்டாண்டுகளுக்கு முன்பே, 2016 பிப்ரவரியில், வங்கதேசத்தின் மைய வங்கியிலே அரங்கேறிய நாடகம் இது. நியூயார்க்கிலே அந்நாடு வைத்திருந்த கருவூலத்திலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரை எடுக்க ஆணைகள் பறந்தன. டாக்காவிலே பிரிண்டர் நின்றது. மறுநாள் வெள்ளி, அங்கே விடுமுறை. "இயந்திரக் கோளாறு" என்று இருந்துவிட்டனர். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்சுக்குப் போயிற்று. இலங்கைக்குப் போகவிருந்த 2 கோடி டாலர் தப்பியது. எப்படித் தெரியுமா? பெறுபவரின் பெயரிலே 'பவுண்டேஷன்' என்ற சொல்லைத் திருடன் பிழையாக எழுதிவிட்டான்! வழியிலே இருந்த வங்கி ஐயுற்று விளக்கம் கேட்டது. வங்கியின் பாதுகாப்பு உறங்கிய நேரத்திலே, ஓர் எழுத்துப் பிழை விழித்திருந்து காத்தது!

டாக்காவிலே அந்தத் திருடன் நுழைந்த வழி யாது? அமெரிக்க நீதித்துறை 2018இல் வெளியிட்ட குற்றப்பத்திரம் கூறுகிறது. 2015ஆம் ஆண்டிலேயே அந்த வங்கியின் ஊழியர் சிலருக்கு மின்னஞ்சல்கள் வந்தன. வேலை தேடும் இளைஞன் ஒருவன் பணிவோடு எழுதுகிறான்; தன் தகுதிக் குறிப்பைத் திறந்து பார்க்குமாறு வேண்டுகிறான். திறந்தால் உள்ளே இருப்பது தகுதிக் குறிப்பன்று. கணினிக்குள் ஒளிந்துகொள்ளும் கள்ள நிரல்! நுழைந்த பின்னும் உடனே திருடவில்லை. ஏறத்தாழ ஓராண்டு, பதுங்கிப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தான்.

பெரியபுராணத்திலே ஒரு கதை உண்டு. புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. கதையிலே உள்ள பாடத்தைக் கொள்வதற்குத் தடையில்லை. திருக்கோவலூர் மெய்ப்பொருளாரைப் போரிலே வெல்ல மாட்டாத முத்தநாதன், திருநீறு பூசி, அடியார் வேடம் பூண்டு, கையிலே ஓலைச்சுவடிக் கட்டோடு வருகிறான். "நூலொன்று கொணர்ந்தேன்" என்கிறான். வாயிலெல்லாம் வழிவிடுகிறது. பள்ளியறைக் காவலன் தத்தன் ஒருவன் மட்டும், "இது நேரமன்று" என்று தயங்குகிறான். வேடம் அவனையும் வென்றுவிடுகிறது. சுவடிக்குள்ளே இருந்தது நூலன்று, கத்தி!

டாக்காவுக்கு வந்த தகுதிக் குறிப்பு, முத்தநாதனின் சுவடிக் கட்டு. உங்கள் கைப்பேசிக்கு வரும் "மின்கட்டணம் செலுத்தப்படவில்லை, இன்றிரவு இணைப்புத் துண்டிக்கப்படும், இங்கே அழுத்துக" என்னும் செய்தியும் அதே சுவடிக் கட்டு. தத்தனுக்கு வந்த தயக்கம் இருக்கிறதே, அதுதான் தோழரே, பாதுகாப்பு! அந்தத் தயக்கத்தை எந்த நிறுவனமும் விற்பதில்லை. அதை வளர்த்துக்கொள்ள வேண்டியவர் நாம்.

இது வெளிப்பகை. இனி மும்பைக்கு வாருங்கள். உட்பகையைக் காணலாம்.

பஞ்சாப் நேஷனல் வங்கி. மும்பையிலே பிராடி ஹவுஸ் கிளை. 2018 பிப்ரவரி 14 அன்று அந்த வங்கி அறிவித்த மோசடித் தொகை ஏறத்தாழ 11,400 கோடி ரூபாய். பின்னர் அது 13,000 கோடியைத் தாண்டியது. கும்பகோணத்திலே போனது இதனோடு ஒப்பிட்டால் கடலிலே கரைத்த பெருங்காயம்! இங்கே எந்த வெளிநாட்டுக் கள்வன் வந்தான்? எந்த வைரஸ் நுழைந்தது? எவரும் வரவில்லை; எதுவும் நுழையவில்லை. கிளையின் ஊழியர்களே, வங்கியின் ஸ்விஃப்ட் இயந்திரத்திலே அமர்ந்து, வங்கியின் கடவுச்சொல்லைக் கொண்டு, நீரவ் மோடி, மெகுல் சோக்சி ஆகிய வைர வணிகர்களின் நிறுவனங்களுக்காகப் பொறுப்புறுதிக் கடிதங்களை அனுப்பினர். 2011 முதல் நடந்தது இது. அனுப்பிய ஆணை வெளிநாட்டு வங்கியின் ஏட்டிலே ஏறியது. அனுப்பிய வங்கியின் சொந்தக் கணக்கேட்டிலே ஏறவில்லை. ஏனெனில் அந்த இரண்டு ஏடுகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. ஓர் ஊழியர் ஓய்வுபெற்றுப் போனார், அவரிடத்திலே புதியவர் வந்தார், வழக்கமான கடிதம் கேட்டு வந்தவர்களிடம், "முன்பணம் எங்கே?" என்று கேட்டார். "இதுவரை யாரும் கேட்டதில்லையே" என்றனர். அந்த ஒற்றைக் கேள்வியிலே, ஏழாண்டு மூடுதிரை கிழிந்தது!

ஆனால் அந்நேரம் பறவைகள் பறந்துவிட்டிருந்தன. வைர வணிகர் இருவரும் 2018 ஜனவரி முதல் வாரத்திலேயே நாட்டை விட்டு வெளியேறினர். வங்கியின் புகார் எழுந்தது அம்மாத இறுதியில். தன்னைக் குத்திய முத்தநாதனை ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுவிடச் சொன்னாராம் மெய்ப்பொருளார். அது அடியாரின் பெருந்தன்மை. நம் ஆட்சியாளரின் செயலுக்கு என்ன பெயரிடுவது?

எச்சரிக்கை இல்லாமலா நடந்தது? டாக்கா நிகழ்ச்சிக்குப் பிறகு, 2016 ஆகஸ்டு முதல் குறைந்தது மூன்று முறை இந்த ஆபத்தைக் குறித்து வங்கிகளை எச்சரித்தோம் என்று ரிசர்வ் வங்கியே கூறியது. மணி அடித்தது. அடித்த மணியைக் கேட்டும் எழாதவன் செவிடன் அல்லன், தோழரே, கடமையைத் துறந்தவன்.

இப்போது மூன்றாவது ஊருக்கு வருகிறேன். கூடங்குளம்! வெளிப்பகையையும் உட்பகையையும் கண்டோம். அவ்விரண்டையும் ஊட்டி வளர்க்கும் செவிலித்தாய் ஒருத்தி உண்டு. அவள் பெயர் மூடிமறைத்தல். அவளை அங்கே காணலாம்.

2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிகளிலே கள்ள நிரல் புகுந்துவிட்டது என்னும் செய்தி சமூக ஊடகத்திலே கிளம்பியது. அக்டோபர் 29 அன்று நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. "செய்தி பொய், எங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து நிற்பவை, வெளி வலையமைப்போடும் இணையத்தோடும் தொடர்பற்றவை, ஆகவே தாக்குதல் இயலாது" என்பது அதன் சாரம். மறுநாள், அக்டோபர் 30. அதே நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகமே மற்றோர் அறிக்கை விட்டது. கள்ள நிரல் கண்டறியப்பட்டது உண்மை என்றது. நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், செப்டம்பர் 4 அன்றே தகவல் தந்தது என்றது. நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட வலையமைப்பிலே இருந்த ஒரு கணினியில்தான் நிரல் புகுந்தது. உலையை இயக்கும் உள் வலையமைப்பு பாதிக்கப்படவில்லை என்றது.

எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் 4 அன்று கிடைத்த தகவல், அக்டோபர் 29 வரை மௌனம், அன்று மறுப்பு, மறுநாள் ஒப்புதல்! உலை தொடப்படவில்லை என்பதை நான் மறுக்க வரவில்லை. அது நல்ல செய்தி. அந்த நல்ல செய்தியை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! "ஒரு கணினியிலே நிரல் புகுந்தது, கண்டோம், தனிமைப்படுத்தினோம், உலை நலமாயிருக்கிறது" என்று சொல்ல இரண்டு திங்கள் வேண்டுமா? "இயலாது" என்ற சொல்லை எடுத்து வீசுவானேன்? இணையத்தோடு இணையாத ஈரானின் நதான்ஸ் அணுக்கூடத்தையே 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் நிரல் நாசம் செய்தது 2010இல் உலகறிய வெளிப்பட்டது. பென்டிரைவின் வழியே பரவ வல்லது அது. அறிந்தோர் எவரும் "இயலாது" என்னார்.

கூடங்குளத்துக் கள்ள நிரலை 'டிட்ராக்' என்று வல்லுநர்கள் அடையாளம் கண்டனர். விசைப்பலகையிலே தட்டுவதைப் பதிவு செய்வது, கோப்புகளைப் பட்டியலிடுவது, எந்தக் கணினி எதனோடு பேசுகிறது என்று குறித்துக்கொள்வது இவையே அதன் தொழில். அதாவது, ஒற்றன்! இந்திய ஏ.டி.எம்.களையும் அதன் உடன்பிறந்த நிரலொன்று தாக்கியதை, அதே 2019 செப்டம்பரிலே காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளியிட்டிருந்தது. வங்கியின் கதவிலே நின்ற ஒற்றனின் குடும்பமே அணுக்கூடத்தின் கதவுக்கும் வந்தது. ஓரிடத்திலே நடந்ததை மற்றோரிடத்துக்குச் சொன்னால்தான் அடுத்தவர் விழிப்பர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இடிந்தகரைக் கடற்கரையிலே 2011, 2012 ஆண்டுகளில் அமர்ந்த மீனவப் பெண்கள் கேட்டதெல்லாம் என்ன? "எங்களுக்கு உண்மையைச் சொல்லுங்கள்" என்பதும் அதிலே ஒன்று. "எங்களை நம்புங்கள்" என்று பதில் கூறினர் ஆட்சியாளர். நம்பிக்கை என்பது அணைக்கட்டைப் போன்றது, தோழரே. ஒரு நாள் பொய்யிலே அதில் விரிசல் விழும். பிறகு நூறு நாள் மெய் பேசினாலும் ஒழுகிக்கொண்டேயிருக்கும்.

கும்பகோணத்தையும் கூடங்குளத்தையும் ஒப்பிடுங்கள். களவு போன இரண்டு வாரங்களுக்குள், எவ்வளவு போயிற்று, எவ்வழி போயிற்று, பிரிண்டர் எப்படி ஊமையாக்கப்பட்டது என்று அந்த வங்கி ஊரறியச் சொல்லிற்று. சொன்னதனால் வங்கி கவிழ்ந்துவிடவில்லை; ஏனைய வங்கிகள் தத்தம் பிரிண்டரைத் திரும்பிப் பார்க்க வழி பிறந்தது. உண்மை சொல்வது வெட்கமன்று. அதுவும் ஓர் அரண்.

உள் மதில் இல்லாவிடில் என்னவாகும் என்பதற்கு டெல்லி சாட்சி. 2022 நவம்பர் 23 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் தாக்கப்பட்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நோயாளியின் பதிவு, ஆய்வுக்கூட முடிவு, சீட்டு எல்லாம் பல நாட்கள் கைகளால் எழுதப்பட்டன. விடியுமுன் வந்து வரிசையில் நின்ற ஏழைதான் அதன் விலையைக் கொடுத்தான். வலையமைப்பை முறையாகப் பகுதி பிரிக்காததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. கப்பலின் அடித்தளத்தைத் தனித்தனி அறைகளாகத் தடுப்பார்கள். ஓர் அறையிலே ஓட்டை விழுந்தால் அந்த அறை மட்டும் நிறையும். தடுப்பே இல்லாத கப்பலுக்கு ஒரே ஓட்டை போதும்!

இனி, சட்டத்துக்கு வருவோம். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஓர் ஆணை பிறப்பித்தது: கணினித் தாக்குதல் கண்டறியப்பட்டால் 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று. நல்ல ஆணை, வரவேற்கிறேன். நிறுவனங்கள் அனைத்தும் செர்ட்-இன்னிடம் சொல்லிவிடும். செர்ட்-இன் நமக்குச் சொல்லுமா? 2023 நவம்பரிலே அந்த அமைப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்தே விலக்கிவிட்டது ஒன்றிய அரசு! ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டு நீங்கலாக, குடிமகன் அங்கே கேள்வி கேட்டு விடை பெற வழியில்லை. நாட்டின் களவுக் கணக்கெல்லாம் ஓரிடத்திலே சேருகிறது. சேர்ந்த இடத்துக்குத் திரை!

"பகைவனுக்குத் தெரிந்துவிடுமே, ஆகவே மறைக்கிறோம்" என்பர். ஐயா, நுழைந்தவனே பகைவன்! நுழைந்தது அவனுக்குத் தெரியும். எந்தக் கதவு வழியே வந்தான் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரியாதவர் வீட்டுக்காரர் ஒருவரே! பூட்டின் சூட்சுமத்தை நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலே களவு போயிற்றா, போனது எது என்று கேட்கிறோம். 2023இல் இயற்றிய தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவு கசிந்தால் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்த எழுத்து ஏட்டோடு நின்றுவிடாமல், அரசு அலுவலகங்களுக்கும் பொருந்துமாறு செய்வது நம் குரலின் கடமை.

ஆட்சியாளரை மட்டும் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்கலாமா? கூடாது. தோழரே, உங்கள் கைப்பேசியை எடுத்துப் பாருங்கள். அதிலே உங்கள் வட்டத்து வாக்காளர் பட்டியல் இருக்கலாம். வீடு வீடாகச் சென்று குறித்த தொலைபேசி எண்கள் இருக்கலாம். உதவித்தொகைக்காக உங்களிடம் நம்பித் தந்த ஆதார் நகல்கள் இருக்கலாம். அவை உங்கள் சொத்தல்ல. மக்கள் உங்களிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள்.

ஆகவே, சிலவற்றைக் கடமையாகக் கொள்ளுங்கள். மக்களின் பட்டியலை, நூறு பேர் உள்ள குழுவிலே வீசாதீர். பணி முடிந்ததும் அழித்துவிடுக. மன்றத்துக் கணினிக்கு ஒரே கடவுச்சொல்லை ஊருக்கெல்லாம் பொதுவாக வைக்காதீர். மும்பையிலே நடந்ததை நினைவு கொள்க. பணம் கையாளும் இடத்திலே, எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர் என்று இருக்கட்டும். அது ஐயம் அல்ல, முறை. கிடந்த பென்டிரைவை எடுத்துக் கணினியிலே செருகாதீர். முக்கியமான கோப்புக்கு ஒரு படி எடுத்து, இணையத்தோடு தொடர்பில்லாமல் தனியே வையுங்கள். கணினி கேட்கும் புதுப்பித்தலை "நாளை, நாளை" என்று தள்ளாதீர். ஓ.டி.பி. கேட்பவன் எந்த வேடத்தில் வந்தாலும், தத்தனைப் போலத் தயங்குங்கள். தத்தனைப் போல விட்டுவிடாதீர்கள்.

ஏமாந்தவரைக் கண்டால், தோழரே, நகைக்காதீர். படித்தவர், பணி செய்தவர், பெரும் பதவியிலே இருந்தவர் எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள். வெட்கத்தால் அவர்கள் வாய்மூடும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம். 1930 என்ற எண்ணை உங்கள் தெருவிலே ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பணம் போன உடனே அழைத்தால், அது கணக்கு விட்டுக் கணக்கு தாவுமுன் வங்கியிலேயே முடக்க வாய்ப்புண்டு. பிள்ளைகள் தொலைவிலே இருக்கும் முதியோர் வீட்டுக்குத் திங்களுக்கு ஒரு முறை சென்று, "காவல்துறை ஒருபோதும் திரையிலே கைது செய்யாது, அம்மா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதுவும் கழனியிலே நீர் பாய்ச்சுவதைப் போன்ற பணிதான். ஆரவாரம் இருக்காது, விளைவு இருக்கும்.

கதவைத் திறந்தவர் யார் என்று கேட்டேன். டாக்காவிலே திறந்தது, யோசியாது அழுத்திய ஒரு விரல். மும்பையிலே திறந்தது, நம்பிக் கொடுத்த சாவி. கூடங்குளத்திலே, திறந்திருந்த கதவின்மேல் திரையைத் தொங்கவிட்டு, "கதவே இல்லை" என்றது ஓர் அறிக்கை. விரலுக்கு விழிப்பைத் தரலாம். சாவிக்கு இரண்டாவது கையைத் துணை வைக்கலாம். திரையை மட்டும் மக்கள்தான் விலக்க வேண்டும். கேளுங்கள், நாகரிகமாக, ஆனால் ஓயாமல் கேளுங்கள். "எங்கள் தரவு எங்கே? காப்பவர் யார்? களவு போனால் சொல்வீர்களா?" ஒவ்வொரு தெருவிலும் இந்த மூன்று கேள்விகள் எழுமானால், அதைவிடப் பெரிய மதிலை எந்தப் பொறியாளரும் கட்ட இயலாது!